அம்மாவின் பேங்க்: முகல் தெருத் தங்கக் கடை ஒன்றில் ஒன்பது வருடம்

கடையின் பெயரை எழுதப் போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் இப்போது இருக்கிற நிலைமையில் ஒரு தங்கக் கடையைப் பெயர் போட்டுப் புகழ்ந்தாலும் அவர்களுக்குத் தலைவலி, திட்டினாலும் தலைவலி. 2024 நடுவில் விலையை ஏற்றிவிட்டார்கள் என்று தங்க வியாபாரிகளைப் பிடித்துக்கொண்டு போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே ஷ்வே பொந்தா தெருவில், அதாவது நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் முகல் தெரு என்று சொல்கிற தெருவில், ஒரு கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடை. ஆறு பேர் நின்றால் ஏழாவது ஆள் நடைபாதையில் வெயிலில் நிற்க வேண்டும்.

ஒன்பது வருடமாகப் போகிறோம். சரியாகச் சொன்னால் அம்மா போகிறாள், நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறேன். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான், அதனால் அந்தக் கடையில் எனக்கு வேலை கால்குலேட்டரைத் தட்டுவது மட்டும்தான், வாங்கலாமா வேண்டாமா என்பதில் எனக்கு ஓட்டு கிடையாது.

அம்மாவுக்கு அது நகைக்கடை இல்லை. "பேங்குக்குப் போயிட்டு வரலாம் வா" என்றுதான் கூப்பிடுவாள். உண்மையான பேங்குக்குக் கடைசியாக எப்போது போனாய் என்று கேட்டால் 2003 என்பாள். அந்த வருடம் பிப்ரவரியில் தனியார் வங்கிகளின் வாசலில் ஜனங்கள் விடியற்காலையிலிருந்து வரிசை கட்டி நின்றார்கள், வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வங்கிகள் அளந்து கொடுத்தன, அந்த அளவையும் குறைத்துக்கொண்டே வந்தன. அம்மா அந்த வரிசையில் நின்றவள். எங்கள் பணம் என்னவோ கடைசியில் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்த வாசற்படியை அவள் அப்புறம் மிதிக்கவில்லை.

அதனால் இந்தக் கடையை நான் பேங்காகத்தான் மதிப்பிடப் போகிறேன். டிசைன் பார்க்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், கல்யாணத்துக்கு ஆரமும் தோள்வங்கியும் தேடுகிறவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை, இருக்கிற நான்கு மாதிரி வளையலும் பத்து வருடமாக அதே நான்குதான்.

வெளியூர்த் தமிழர்கள் யாராவது வாசித்தால் அவர்களுக்குக் கணக்கு புரிய வேண்டும். இங்கே பவுன் கிடையாது. கியாட்தா என்பதுதான் அளவு (கியாட் என்றால் இங்கத்திய பணம், அது வேறு), சுமார் 16.6 கிராம், நம் பவுனுக்கு இரண்டுக்கும் கொஞ்சம் மேலே. ஒரு கியாட்தாவுக்கு 16 பே, ஒரு பேக்கு 8 யுவே. பே என்பது ஒரு கிராமுக்கு ஒட்டி வரும். யுவே என்றால் பர்மிய மொழியில் ஒரு விதையின் பெயர், நாம் குன்றிமணி என்று சொல்கிறோமே அந்த வகை. தாத்தா காலத்தில் நம் ஊரிலும் குன்றிமணி வைத்துத்தானே பொன் நிறுத்தார்கள், ஆகவே இந்த ஒரு விஷயத்தில் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. சுத்தத்தையும் பேயிலேயே சொல்வார்கள். 16 பே என்றால் சொக்கத் தங்கம், 15 பே என்றால் பதினாறில் பதினைந்து பங்கு. இந்தியாவில் 916 என்று முத்திரை குத்தி விற்கிறார்களே, அது இங்கத்திய கணக்கில் 14 பேக்கும் 15 பேக்கும் நடுவில் விழும். விலையைத் தெய்ன் கணக்கில் சொல்வார்கள், தெய்ன் என்றால் நம் லட்சம்.

இனி கடை. நிறுவை விஷயத்தில் குறை சொல்ல முடியாது. தராசு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நம்மைப் பார்த்தபடி இருக்கும், மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் நிறுப்பார்கள், கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும் நேரமாக இருந்தால் எண் நிலைக்கும்வரை காத்திருந்து மறுபடி ஒரு தடவை நிறுத்துக் காட்டுவார்கள். நாம் கேட்க வேண்டியதில்லை. கல்லாவில் இருக்கும் பெண் அம்மாவை அன்ட்டி என்று கூப்பிடுவாள், தமிழில் பத்து வரைக்கும் எண்ணுவாள், எங்கே கற்றாய் என்றால் சிரிப்பாள். பிளாஸ்கில் டீ இருக்கும், ஆனால் விற்க வருகிறவர்களுக்குக் கொடுத்து ஒரே ஒரு தடவை தவிர நான் பார்த்ததில்லை, வாங்க வருகிறவர்களுக்கு மட்டும்தான். இது சின்ன விஷயம்தான், ஆனாலும் கண்ணில் படும்.

விலையில் ஒரு சங்கடம் உண்டு, அது இந்தக் கடையின் குற்றம் இல்லை. தங்க வியாபாரிகள் சங்கம் அறிவிக்கும் விலை ஒன்று, வெளி விலை இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் சில நாள் ஒரு ஆறு ஓடும். கடைக்காரர் எதையும் எழுதி ஒட்ட மாட்டார், வாயால்தான் சொல்வார். விலை ஆடுகிற நாளில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், தெரிந்த முகமாக இருந்தால் குனிந்து உள்ளே வரச் சொல்வார்கள், "இன்றைக்கு வாங்காதீர்கள் அன்ட்டி, நாளைக்குப் பாருங்கள்" என்று இரண்டு தடவை அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார். வியாபாரி ஒருவர் இப்படிச் சொல்வதற்கு நான் ஒரு நட்சத்திரம் கூடுதலாகவே தருகிறேன்.

அம்மா எப்படிப்பட்ட வாடிக்கையாளர் என்று தெரிய வேண்டுமானால் 2023 ஜூலையைச் சொல்ல வேண்டும். 20,000 கியாட் நோட்டு வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. புது நோட்டு என்றால் உங்கள் ஊரில் போட்டோ எடுத்துப் போடுவீர்கள். எங்கள் வீட்டில் அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டு, கட்டி வைத்திருந்த பத்தாயிரங்களை எடுத்துத் தரையில் பரப்பினாள். அதில் நான்கு நோட்டு ஒட்டுப்போட்டது, அதை எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள், அதைத் தனியே வைத்தாள், மிச்சத்தை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிவிட்டாள். பழைய நோட்டை யாரும் செல்லாது என்று சொல்லவில்லை அம்மா, புதிதாக ஒன்று வருகிறது, அவ்வளவுதான் என்று நான் சொன்னேன். "அப்பவும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க" என்றாள். கடையில் போய்ப் பார்த்தால் நடைபாதை வரைக்கும் கூட்டம், எல்லாம் அம்மா வயசு.

அவள் சொன்ன 'அப்ப' 1985. அந்த நவம்பரில் 50, 100 கியாட் நோட்டுகளை ஒரே அறிவிப்பில் செல்லாதாக்கினார்கள், ஏதோ ஓர் அளவுவரை மாற்றிக்கொள்ள விட்டார்கள், ஒரே வாரத்தில் 75 கியாட் என்று யாரும் கேள்விப்படாத ஒரு நோட்டு வந்தது, அப்போது நாட்டை ஆண்ட ஜெனரல் நெ வின் அவர்களுக்கு 75 வயது என்பதால்தான் அது என்று ஊரெல்லாம் பேச்சு. மறு வருடம் 15, 35. சரி, இதுதான் இனிப் பணம் என்று ஜனங்கள் அதிலேயே சேர்க்க ஆரம்பித்தார்கள். 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 மூன்றும் செல்லாது. இந்தத் தடவை மாற்றுப் பணமும் கிடையாது. புழக்கத்தில் இருந்த பணத்தில் முக்கால் பங்கு அன்றோடு போனது என்பார்கள். அதற்கு அப்புறம் வந்தது 45, 90 கியாட். ஒன்பதாம் எண் ராசியாம். அம்மா அப்போது கல்யாணமாகி வந்த புதுசு, சீருக்கு வந்த பணத்தைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தாள், அத்தனையும் முப்பத்தைந்தும் எழுபத்தைந்துமாக. செலவழித்திருந்தால் ஒரு தையல் மிஷினாவது மிஞ்சியிருக்கும் என்பது அவள் வருத்தம். அந்த மிஷினை நான் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், எங்கள் வீட்டில் இல்லாத பொருட்களில் அதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள்.

இப்படிப்பட்ட ஆளுக்கு இந்தக் கடை கையுறை மாதிரிப் பொருந்துகிறது. ஒரு பேயில் மோதிரம் செய்து வைத்திருக்கிறார்கள், கல் கிடையாது, பூ கிடையாது, வெறும் வளையம். சம்பளம் வந்த அடுத்த ஞாயிறு அம்மா ஒன்று வாங்குவாள். விரலில் போட்டுப் பார்க்கக்கூட மாட்டாள். அண்ணி ஒரு தடவை கூட வந்து, "இதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது அத்தை" என்று கேட்டாள், அம்மா, "எங்கேயும் போறதுக்கில்லை" என்றாள்.

ஆனால் கணக்குக்காரி நான் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், அங்கேதான் எனக்குக் கடையோடு முதல் மனத்தாங்கல். பர்மியச் சொற்கள் வேறு, சங்கதி நம் ஊர் சங்கதிதான், சேதாரம் என்று ஒன்று, செய்கூலி என்று ஒன்று. இந்தக் கடையில் ஒரு பே மோதிரத்துக்கு அரை யுவே சேதாரம். அரை யுவே என்றால் காதில் விழும்போது ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கிறது. பதினாறு மோதிரம் வாங்கி ஒரு கியாட்தா சேர்த்து முடிக்கும்போது எட்டு யுவே, அதாவது ஒரு முழு மோதிரம், காற்றோடு போயிருக்கும். அதே கடையில் நான்கு பே மோதிரத்துக்கு ஒரு யுவேதான் சேதாரம். அப்படி நான்கு வாங்கினால் நான்கு யுவேயோடு போயிற்று, பாதி மிச்சம். கூலியும் பதினாறு தடவைக்குப் பதில் நான்கு தடவைதான். இதைத் தாளில் போட்டு அம்மாவிடம் காட்டினேன். அவள் முழுவதும் கேட்டாள், நன்றாகவே புரிந்துகொண்டாள், அப்புறம் சொன்னாள்: "நாலு மாசம் அந்தக் காசை வீட்டுல வச்சிருக்கணுமே."

அங்கேதான் எனக்குக் கடையின் வியாபாரம் பிடிபட்டது. அந்த அரை யுவே வேறொன்றுமில்லை, நான்கு மாதம் காகிதத்தோடு தூங்க முடியாதவர்கள் கட்டுகிற வாடகை. கடைக்காரர் ஏமாற்றவில்லை, எல்லாம் பௌச்சரில், அதாவது கடை ரசீதில், எழுதித்தான் கொடுக்கிறார், ஆனால் ஒரு பே மோதிரத்தைத் தட்டு நிறைய அடுக்கி முன்னால் வைத்திருப்பதும் நான்கு பேயைக் கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுப்பதும் தற்செயல் இல்லை. அம்மா வயதுப் பெண்கள் எப்படி நினைப்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் அம்மாவும் 1987இல் இங்கேதானே இருந்திருப்பார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை ஒரு பக்கமாக இருக்கும். அதே வருடம், அதே வீடு, அதே பணம் போனதைப் பார்த்தவர். அவர் இந்தக் கடைக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை, எதிர்ப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். அவருக்கு ஆள்தான் பேங்க். சீட்டுப் போடுவார், பத்துப் பேர், மாதம் ஒருத்தருக்கு, எழுத்து கிடையாது, வாய்ப் பேச்சு. இரண்டு தடவை சீட்டு எடுத்தவர் ஊரை விட்டே போயிருக்கிறார், ஆனாலும் அப்பா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, "மனுசன் ஏமாத்துனா முகம் தெரியும், எங்கேயாவது பார்ப்போம், கவர்மெண்டை எங்கே போய்ப் பார்ப்பே" என்பார். தங்கம் ஏன் வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக மெட்ராஸ் போனார்கள் அல்லவா, அதில் பெரிய தாத்தா குடும்பமும் ஒன்று. அந்த வருடமும் மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்று ஆக்கியிருந்தார்கள், ஆகவே இருந்ததையெல்லாம் நகையாக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். துறைமுகத்தில் சோதனை போட்டு எடுத்துக்கொண்டார்கள். பாட்டி வெறும் கழுத்தோடு கப்பல் ஏறினாளாம். அந்தக் குடும்பம் மெட்ராஸில் பர்மா பஜாரில் தரையில் சாமான் விரித்துப் பிழைத்தது. அவர்கள் பேரப்பிள்ளைகள் இப்போது படிப்பு, படிப்பு, படிப்பு என்று ஒரே பாட்டு, வீட்டில் ஒரு பொட்டுத் தங்கம் சேர்ப்பதில்லை. அம்மா அந்தக் கதையைக் கேட்டால், "அவுங்க கட்டினது தப்பு, உள்பாவாடையில தைச்சிருக்கணும்" என்பாள்.

டீக்கடையில் உட்கார்ந்தபடியே அப்பா சொல்கிற இன்னொன்று, இந்தத் தெருவில் ஒரு காலத்தில் வட்டியைத் தமிழில்தான் பேசினார்கள் என்பது. உண்மைதான். வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டிடங்கள், இந்த முகல் தெருவில்தான் வரிசையாக இருந்தன, மாதம் ஒரு தடவை கோயிலில் கூடி நடப்பு வட்டி என்ன என்று அவர்களே தீர்மானிப்பார்கள். பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் அவர்கள் கையில் இருந்தது, அரிசி விலை விழுந்து கடன் திரும்பாமல் போனதில் 1930களின் கடைசியில் அது நான்கில் ஒரு பங்காகிவிட்டது. நிலம் வேண்டுமென்று வந்தவர்கள் இல்லை அவர்கள், பணம் வேண்டுமென்று வந்தவர்கள், நிலம் வந்து தலையில் விழுந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், பலர் நடந்தே இந்தியா போனார்கள், சுதந்திரத்துக்கு அப்புறம் நிலத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது, எங்கள் தாத்தா துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கினவர். இருந்தாலும் பர்மியச் சிநேகிதி ஒருத்தி என்னிடம் கைமாற்றுக் கேட்டு நான் இல்லை என்றால், "நீங்கள்தான் சித்தியாச்சே" என்று சிரிப்பாள். செட்டி என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வட்டி வாங்கியவர்கள் போய் எண்பது வருடமாகிறது, பேர் மட்டும் எங்கள் தலையில்.

சரி, கடைக்கு வருகிறேன். ஒரு பேங்க் நல்ல பேங்கா என்பது பணம் போடும்போது தெரியாது, எடுக்கும்போதுதான் தெரியும். நாங்கள் இரண்டு தடவை எடுத்திருக்கிறோம்.

முதல் தடவை 2021 ஏப்ரல். பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வங்கிகள் மூடிக் கிடந்தன, பிறகு தனிநபருக்கு வாரம் 20 லட்சம் கியாட்தான் என்று உச்சவரம்பு போட்டார்கள், அந்த அளவும் பலருக்குக் கிடைக்கவில்லை, ஏடிஎம் வாசலில் இரவே செங்கல்லையும் பாட்டிலையும் வைத்து இடம் பிடித்தார்கள். அண்ணன் எங்கள் வீட்டில் நவீன மனுஷன். அவனுக்குப் பணம் போனில் இருக்கும். 2014இல் ஒன்றரை ஆயிரம் கியாட்டுக்கு சிம் கார்டு வந்த நாளிலிருந்து அவன் அப்படித்தான், அப்புறம் போன் பர்ஸ் வந்ததும் சம்பளம், வாடகை, மொஹிங்கா நூடுல்ஸ் கடைக் காசு எல்லாம் அதில்தான். கையில் நோட்டு வைத்திருப்பது அவனுக்கு அநாகரிகம். அந்த ஏப்ரலில் திரையில் எண் அழகாகத் தெரிந்தது, நோட்டாக்க வேண்டுமென்றால் முகவர் நூற்றுக்குப் பத்து கேட்டார். அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் செலவு. அவர்களுக்கு ரொக்கம்தான் வேண்டும்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஐந்து மோதிரத்தை எடுத்து, ஐந்து பௌச்சரையும் எடுத்து, என்னோடு வந்தாள். கடைக்காரர் நிறுத்தார், நேற்றைய விலை சொன்னார், பிறகு குரலைத் தாழ்த்தி, கணக்கில் போட்டால் ஒரு விலை, ரொக்கமாக வேண்டுமென்றால் கொஞ்சம் குறைவு என்றார். அந்த 'கொஞ்சம்' நூற்றுக்கு நான்கு. எரிச்சல்தான், ஆனாலும் அரை மணி நேரத்தில் பணம் கையில், நல்ல நோட்டு, ஒட்டுப்போட்டது ஒன்றுகூட இல்லை. சேதாரமும் கூலியும் திரும்பாது என்பது முன்பே தெரியும். பௌச்சர் இருந்ததால் சுத்தத்தில் ஒரு பேச்சும் இல்லாமல் எழுதிய தரத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் அன்று ராத்திரி சாப்பிடும்போது தலையைத் தூக்கவில்லை. (அதற்கு அப்புறம் அவன் திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். மறுபடி போனில்தான் வைத்திருக்கிறான். வசதியாக இருக்கிறதாம்.)

இரண்டாவது தடவைதான் கசப்பு. மழையில் மாடி ஒழுகி, அலமாரிக்கு அடியில் வைத்திருந்த டப்பாவில் தண்ணீர் போய், மூன்று பௌச்சர் கூழாகிவிட்டது. கையால் எழுதிய தாள், மை ஓடிவிட்டது. மோதிரத்தில் கடையின் முத்திரை உள்பக்கம் தெளிவாக இருக்கிறது, வாங்கினவர் அம்மா, எதிரில் நிற்பதும் அம்மா, எட்டு வருட வாடிக்கை. ஆனாலும் பௌச்சர் இல்லையென்றால் தெரியாத தங்கம் என்ற கணக்குதானாம். உரைத்துப் பார்த்தார்கள், ஒன்றை வெட்டியும் பார்த்தார்கள், பிறகு ஒரு படி கீழே தரம் போட்டுத்தான் எடுத்தார்கள். கடையில் அடிக்கட்டை இருக்குமே, தேதி சொல்கிறேன், பாருங்கள் என்று நான் கேட்டேன். பழைய புத்தகங்கள் குடோனில் இருக்கின்றன என்றார். குடோன் எங்கே என்றேன். டீ வேண்டுமா என்றார். விற்க வந்த எங்களுக்கு அன்றுதான் முதல் தடவையாக டீ கிடைத்தது.

என் சண்டையை அம்மா நிறுத்திவிட்டாள். வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம், அவளுக்கு இல்லை. "தாள் போச்சு, அதுக்கு உண்டானது போச்சு. பொருள் இருந்துச்சுல்ல" என்றாள். எந்தத் தாளையும் நம்பாமல் தங்கத்துக்குப் போனவள், அந்தத் தங்கத்துக்கும் ஒரு தாள்தான் உயிர் என்பதை எவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். அண்ணனாக இருந்தால் அரை மணி நேரம் புகார் எழுதியிருப்பான். இப்போது எல்லா பௌச்சரையும் நான் போனில் படம் எடுத்து வைக்கிறேன், படம் செல்லுமா என்று கடைக்காரரிடம் கேட்டேன், செல்லாது என்று சொல்லவில்லை, செல்லும் என்றும் சொல்லவில்லை.

தங்கம் ஏறியிருக்கிறதே, அந்த இழப்பெல்லாம் என்ன பெரிசு என்று கேட்பீர்கள். ஏறியிருக்கிறது. 2021 தொடக்கத்தில் ஒரு கியாட்தா 13 தெய்ன் அளவில் இருந்தது, 2024இல் 50 தெய்னைத் தாண்டியது. பேங்கில் போட்டிருந்தால் இந்த மூன்று நான்கு வருடத்தில் வட்டியோடு என்ன கிடைத்திருக்கும் என்று கணக்குப் போடவே வேண்டாம். ஆனால் அம்மா பணக்காரி ஆகிவிடவில்லை, கியாட் இளைத்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு மோதிரத்துக்கு எத்தனை மூட்டை அரிசி என்றுதான் அவள் பார்ப்பாள், அந்தக் கணக்கில் மோதிரம் ஏதோ ஒரு மாதிரி நின்ற இடத்தில் நிற்கிறது, அதுவே போதும் என்பாள். லாபம் என்ற சொல்லை இந்த விஷயத்தில் அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. மறுபக்கம், பக்கத்து வீட்டு அக்காவின் மகன் மலேசியாவிலிருந்து உண்டியலில் பணம் அனுப்புகிறான் (பர்மியர்களும் அதை ஹுண்டி என்றே சொல்கிறார்கள், கோயில் உண்டியல் வேறு, இது வேறு, இரண்டிலும் ரசீது கிடையாது). அந்த அக்கா அதை அப்படியே டாலராக வாங்கி மடிப்பு விழாமல் புத்தகத்துக்கு நடுவில் வைக்கிறாள், மடிப்பு விழுந்தால் மதிப்புக் குறையும். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து எது நல்லது என்று பேச ஆரம்பித்தால் கரண்ட் வரும்வரை ஓடும், கரண்ட் வந்தால் மோட்டார் போட எழுந்துவிடுவார்கள்.

ஒரு வாரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்ததே, அதற்கு அடுத்த வாரம் கடையில் வாங்க வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் விற்க. அந்தச் சேவைக்குரிய வயதுள்ள பிள்ளைகளை வெளியூர் அனுப்ப. ஓர் அம்மா கைக்குழந்தையின் கொலுசைக்கூடத் தராசில் வைத்தாள், அது வெள்ளி, எடுத்துக்கொண்டு போங்கள் என்று கல்லாப் பெண் திருப்பிக் கொடுத்தாள். அன்று அம்மா வாங்காமலே வந்துவிட்டாள்.

ஆகமொத்தம் ஐந்துக்கு மூன்றரை. நிறுவைக்கும் நேர்மையான விலைக்கும் முழு மதிப்பெண். பௌச்சர் விஷயத்தில் ஒன்று குறைக்கிறேன், டீக்கு அரை. போகிறவர்களுக்கு: காலை பதினொன்றுக்கு முன்பு போங்கள், மத்தியானத்துக்கு மேல் விலை மாறினால் காத்திருக்க வைப்பார்கள். கல் வைத்தது எதுவும் வாங்காதீர்கள், இங்கே திருப்பிக் கொடுக்கும்போது கல்லைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நிறுப்பார்கள். விற்பதாக இருந்தால் வாங்கின கடைக்கே போங்கள், பக்கத்துக் கடைக்காரர் இன்னொருத்தர் முத்திரையைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார். பௌச்சரை பிளாஸ்டிக் உறையில் போட்டு, தங்கத்தோடு வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். ஒட்டுப்போட்ட நோட்டைக் கொண்டுபோய் நடுவில் செருகாதீர்கள், அந்தப் பெண் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், மானம் போகும்.

முக்கியமாக, முன்னால் இருக்கிற தட்டைப் பார்க்காமல், நான்கு பேயில் எடுங்கள் என்று வாயைத் திறந்து கேளுங்கள். வருகிற ஞாயிறு அம்மா போகிறாள். மூன்று மாதக் காசை என் ஆபீஸ் மேசை இழுப்பில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், வீட்டில் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது என்பதால். இந்த மாதத்தையும் சேர்த்தால் நான்கு பே மோதிரம் ஒன்று வாங்கிவிடலாம். சாவி எங்கே இருக்கிறது என்று தினமும் ஒரு தடவை போன் செய்து கேட்கிறாள்.